பன்னிரண்டாவது சிவப்பு

சிஸ்டருக்கு மனிதர்களைப் பார்த்து ‘சாப்பிட்டாயா’ என்று கேட்கத் தெரியாது. எங்கள் தெருவுக்குக் குடிவந்த முதல் வாரத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி அவர் கேட்டது ஒரே கேள்விதான். “தெருவுல தண்ணி வந்தா உங்க வீட்ல யாரைத் தூக்கணும்?”

எவ்வளவு மங்கலமான கேள்வி பாருங்கள். பக்கத்து வீட்டு மளிகைக்கடைக்காரர் அவர் முகத்துக்கு நேராகவே கதவைச் சாத்தினார். அவர் மனைவி, சிஸ்டர் நின்றுவிட்டுப் போன இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். எங்கள் வீட்டில் கதவைத் திறந்தது நான். உள்ளே கட்டிலில் கிடந்த அம்மாதான், வாதம் விட்டுவைத்த இடது கையைத் தூக்கி, குழறலாக, “என்னைத்தாம்மா” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அம்மா சிரித்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

சிஸ்டரை எனக்கு அதற்கு முன்பே தெரியும். நான் கட்டிங் செக்‌ஷனில் தோல் வெட்டுகிற ஷூ கம்பெனியில் அவர் முதலுதவி அறை நர்ஸாக இருந்தவர். குள்ளம், ஒல்லி, வாய் மட்டும் நீளம். புடவைக்குக் கீழே கம்பெனி கழித்துப்போட்ட கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார். இடது ஒரு சைஸ், வலது வேறு சைஸ். கழுத்தில் ஷூ லேஸில் கோத்த ஒரு விசில் தொங்கும். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே சொல்லப் போவதில்லை, அந்த யோக்கியதை எனக்கு இல்லை.

வெளிநாட்டில் ஷூ வாங்குகிறவர்களின் ஆட்கள் வருடத்துக்கு இரண்டு தடவை எங்கள் கம்பெனிக்கு ஆடிட் வருவார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தீ ஒத்திகை நடக்கும். விசில் கேட்டதும் மிஷினை நிறுத்தி, சுவிட்சை அணைத்து, தரையில் போட்ட மஞ்சள் கோட்டின் மேல் இரண்டு வரிசையாக நடந்து, மைதானத்தில் போய் நம்பர் சொல்லி நிற்க வேண்டும். கையில் பட்டை கட்டிய நான்கு பேர் ஸ்ட்ரெச்சர் தூக்க வேண்டும். இதை நடத்தியவர் சிஸ்டர். ‘தெரியும் சிஸ்டர், நாங்க பாத்துக்கறோம்’ என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. “வாய்ல சொல்லாத. நடந்து காட்டு” என்பார். நடந்து காட்டும்வரை விடமாட்டார். எங்கள் பக்கத்தில் ஷூ கம்பெனிக்கு ஆள் போகாத வீடு கம்மி. இந்த ஊர்ப் பெண்கள் கல்யாணப் பந்தியில் இருக்கும்போது விசில் ஊதினாலும் எழுந்து வரிசையில் நிற்பார்கள்.

அதே கம்பெனியில் சித்திரை, வைகாசியில் தகர ஷீட்டுக்குக் கீழே தையல் லைனில் பெண்கள் மயங்கி விழுவார்கள். சிஸ்டர் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்து, ஈரத்துணி போர்த்திப் படுக்க வைத்துவிட்டு, ரிஜிஸ்டரில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘வெயில்’ என்று எழுதுவார். மேனேஜர் ஒருநாள் கூப்பிட்டு ‘காலை டிபன் சாப்பிடவில்லை’ என்று எழுதச் சொன்னார். நான் ஏதோ கையெழுத்துக்காக அங்கே நின்றிருந்தேன்.

“வெயில்னு எழுதினா ஆடிட்காரன் கேள்வி கேப்பான் சிஸ்டர்.”

“கேக்கட்டும் சார். அதுக்குத்தானே வர்றான்.”

“இத்தினி வருஷம் இல்லாத வெயிலா இப்ப வந்துட்டுது?”

“ஆமா சார். இத்தினி வருஷம் இல்லாத வெயில்தான். நெருப்புக்கு ஒத்திகை பாக்கறோம். கம்பெனி கட்டினதுலேர்ந்து நெருப்பு வரல. வெயில் தெனம் வருது. அதுக்கு இன்னா ஒத்திகை?”

மறுவருடம் அவருக்கு வேலையை நீட்டிக்கவில்லை. ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து, மாலை போட்டு அனுப்பினார்கள். விசிலைத் திருப்பிக் கேட்க மறந்துவிட்டார்கள். அந்த விசிலோடுதான் அவர் எங்கள் தெருவுக்கு வந்தார், வாடகை குறைவு என்று. குறைவாக இருந்ததற்குக் காரணம் கானாறு.

கானாறு என்றால் மலைப்பக்கம் பெய்கிற மழையைக் கொண்டுவந்து பாலாற்றில் விடுகிற ஓடை. அப்படிப் பெரியவர்கள் சொல்லிக் கேள்வி. நான் பார்த்த கானாற்றில் தோல் துண்டும் சோல் சீவலும் கோழிக்கடைக் கழிவும் கிடந்தன. பாலாறு மட்டும் என்ன வாழ்ந்தது? மணலை அள்ளிவிட்டோம், தோல் ஊறவைத்த தண்ணீரை விட்டுவிட்டோம், கரையில் வீடும் கட்டிவிட்டோம். ஆறு இருந்ததற்கு அடையாளமாகப் பாலத்தை மட்டும் வைத்திருந்தோம். கானாறு ஆற்றில் சேருகிற இடத்துச் சிறுபாலத்துக்கு அடியில் கழிவு அடைத்துக்கொண்டிருந்தது. அதைத் தூர் வாரச் சொல்லி சிஸ்டர் மனு மேல் மனு கொடுத்தார். கவுன்சிலர் ஒருநாள் தெருவிலேயே வைத்துக் கேட்டார்.

“ஆறே இல்லாத ஊர்ல வெள்ளமா சிஸ்டர்? குடிக்கத் தண்ணி வர வழியப் பாருங்க.”

“குடிக்கறதுக்கு வராது தம்பி. அடிச்சிட்டுப் போறதுக்கு வரும். மூணு மாசம் பெய்யற மழை இப்ப மூணு நாள்ல கொட்டுது. நீ பேப்பர் படிக்க மாட்டியா?”

கூட நின்ற நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

சர்ச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற பள்ளிக்கூட மாடிதான் எங்கள் பக்கத்தில் மேடான இடம். அதன் சாவிக்காக அவர் பாஸ்டரோடு போட்ட சண்டை ஊர் அறிந்தது. “நாம ஜெபம் பண்ணுவோம்மா, கர்த்தர் காப்பாத்துவார்” என்றாராம் பாஸ்டர். “பண்ணுங்க ஐயா. சாவியை என்கிட்ட குடுத்துட்டுப் பண்ணுங்க” என்று சொல்லி வாங்கி வந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தச் சாவியும் விசிலோடு தொங்கியது.

மாதக் கடைசி ஞாயிறு, மாலை நான்கு மணிக்குத் தெருவில் ஒத்திகை. என் அம்மா, எதிர்வீட்டு நஸீமா அக்காவின் மாமியார் என்று தூக்க வேண்டியவர்கள் பன்னிரண்டு வீட்டில் இருந்தார்கள். முதல் ஒத்திகையில் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கினோம். சும்மா ஆளாக உட்கார வைத்த பிரியாணி மாஸ்டரின் கனம் தாங்காமல் நாற்காலி கால் விரிந்து அவர் நடுத்தெருவில் உட்கார்ந்தார். தெருவே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. அடுத்த மாதத்துக்குள் நஸீமா அக்காவும் தையல் லைன் பெண்களும் சேர்ந்து, கம்பெனியில் கழித்த கனத்த துணியில் நான்கு மூலையிலும் கைப்பிடி வைத்து, டபுள் தையல் போட்டுத் தூக்குத்துணி தைத்துவிட்டார்கள். அப்படி ஒரு தையலை நான் எந்த ஏற்றுமதி ஷூவிலும் பார்த்ததில்லை. பிரியாணி மாஸ்டரை அதில் போட்டு நான்கு பெண்கள் பள்ளிக்கூட மாடிவரை தூக்கிப்போனார்கள். ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் தண்ணீர் வரும் என்று சிஸ்டர் பெண்களையே பழக்கினார்.

சிவப்பும் அவர் யோசனைதான். ஷூவுக்குள் வைக்கிற சிவப்பு லைனிங் தோலில் விரல் அகலத்துக்குப் பன்னிரண்டு துண்டு கேட்டார். என் கத்தியால் நானே வெட்டிக் கொடுத்தேன். தூக்க வேண்டிய ஆள் இருக்கும் வீட்டு நிலையில், கண் உயரத்தில், ஒரு ஷூ ஆணியால் அடித்தார். விதி சுலபம். ஆளைத் தூக்கினால் சிவப்பைப் பிய்த்துக்கொண்டு வந்து சிஸ்டர் கையில் கொடுக்க வேண்டும். சிவப்பு இல்லாத கதவில் யாரும் நிற்கக் கூடாது, உள்ளே இருந்தவரைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அர்த்தம்.

“எங்களுக்குத் தெரியாதா சிஸ்டர், எந்த வூட்ல யாரு படுத்திருக்காங்கன்னு?” என்று நஸீமா அக்கா கேட்டார்.

“தண்ணி வர்றப்ப மூளை வேல செய்யாது நஸீமா. அவங்கவங்க வூட்டுக்குத்தான் ஓடுவீங்க. ஒரு வூட்டுக்கு மூணு பேர் போவீங்க, ஒரு வூட்டை விட்டுடுவீங்க. யோசிக்காத. சிவப்பைப் பாரு.”

அவர் இனிமையானவர் என்று நான் சொல்ல வரவில்லை. பேஜார் பிடித்த மனுஷி. காய்ச்சலில் கிடந்தவனைக்கூட ஒத்திகைக்கு இழுத்தார். ஆனால் ஒத்திகை முடிந்ததும் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “இன்னிக்கு உன்னை மூணு நிமிஷத்துல மேல ஏத்திட்டோம்” என்று சொல்வார். அம்மா ஏதோ வாகனத்தில் ஊர்வலம் போய்வந்த அம்மன் மாதிரி பெருமையாகப் பார்ப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவள் தெருவைப் பார்த்தாள்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

என் தங்கச்சிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். திருப்பத்தூரிலிருந்து வந்த முதல் இடத்துக்காரர்கள், வாசலில் இருந்த சிவப்பைப் பார்த்து இது என்ன என்று கேட்டார்கள். தெருவில் யாரோ விளக்கமாகவே சொல்லிவிட்டார்கள். ‘அம்மா படுத்த படுக்கை’ என்று தெரிந்ததும், பொண்ணு மாசத்தில் பாதி நாள் தாய்வீட்டில்தான் இருப்பாள் என்று கணக்குப் போட்டுப் போய்விட்டார்கள். அடுத்தது குடியாத்தம். அந்த ஞாயிறு அவர்கள் வருவதற்கு அரை மணி முன்னால் நான் கத்தியை எடுத்துச் சிவப்பை ஆணிக்குக் கீழே ஒரே இழுப்பில் வெட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அம்மாவுக்கு மூட்டுவலி என்று சொன்னோம். அவர்களுக்குத் தங்கச்சியைப் பிடித்துப்போனது. வெள்ளிக்கிழமை தாய்மாமன் வந்து பேசி முடிப்பார் என்றார்கள். சரி, வெள்ளி போகட்டும், பிறகு அடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை டீக்கடையில் சிஸ்டர் பிடித்துக்கொண்டார். மழை ஆரம்பித்திருந்தது.

“நேத்து மாப்ள வூட்டுக்காரங்க வந்தாங்களே. சிவப்பு இருக்குல்ல?”

“இருக்குது சிஸ்டர்.”

அவர் என் முகத்தையே பார்த்தார். ‘வாய்ல சொல்லாத’ என்பாரோ என்று பயந்தேன். மழை வலுத்தது, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை பாலாற்றில் தண்ணீர் வந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இரு கரையும் தொட்டு ஆறு ஓடி நாங்கள் பார்த்ததே இல்லை. பயந்து ஓட வேண்டியவர்கள் மஞ்சளும் குங்குமமும் பூவும் எடுத்துக்கொண்டு தரைப்பாலத்துக்கு ஓடினோம். கற்பூரம் காட்டினார்கள். பாய்மார்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டினார்கள். கம்பெனி பஸ் பாதியில் நின்றதால் எல்லா கம்பெனி ஆண்களும் அங்கேதான். வெல்லத்தைப் பார்த்த எறும்புக் கூட்டம் அது. தங்கச்சி முதல் ஷிப்டுக்குப் போய் அக்கரையில் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் எட்டு மணிக்கு அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, “ஆறு பாத்துட்டு வந்துடறேன்மா” என்று கிளம்பினேன். “எனக்கும் படம் புடிச்சிக்கினு வா” என்றாள். போனில் வீடியோ எடுத்தேன். ஆறு முழுசாகத் தெரிவதற்காக மூன்று முறை எடுத்தேன்.

ஆறு நிறைந்திருந்ததால் கானாற்றுத் தண்ணீர் அதில் சேர முடியவில்லை. போதாததற்குச் சிறுபாலத்துக்கு அடியில் நாங்கள் கொட்டிய கழிவு. தண்ணீர் திரும்பி எங்கள் தெருவுக்குள் வந்தது. சிஸ்டர் விசில் ஊதினார். அடுப்பை அணைத்துவிட்டுப் பெண்கள் வெளியே வந்தார்கள். முழங்கால் தண்ணீரில் தூக்குத்துணியோடு ஓடினார்கள். யாரும் அலறவில்லை, யாரும் யோசிக்கவில்லை, சிவப்பைப் பார்த்தார்கள். பதினோரு பேரை மாடியில் சேர்த்தார்கள். எங்கள் வீட்டு வாசலை இரண்டு தடவை கடந்துபோனதாக நஸீமா அக்கா பிறகு சொன்னார். நிலையில் சிவப்பு இல்லை. கதவு சாத்தியிருந்தது.

மாடியில் சிஸ்டர் கையில் இருந்த சிவப்பை எண்ணினார். பதினொன்று.

“இன்னொண்ணு எங்க?”

“அந்த வூட்ல சிவப்பு இல்ல சிஸ்டர். அவங்க புள்ளையே தூக்கினு போயிருப்பான்” என்றார் நஸீமா அக்கா.

அதற்குள் தெருவில் தண்ணீர் மார்பளவு ஏறிவிட்டது. எவர் வாய்ப்பேச்சையும் நம்பாத மனுஷி அந்த ஒரு தடவை நம்பினார். நான் திங்கட்கிழமை சொன்னதையும் சேர்த்து நம்பினார். சிவப்பு இருந்திருக்கிறது, மகன் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறான்.

நான் தண்ணீரில் நீந்தியும் நடந்தும் வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. புரண்டு விழுந்தால் அடிபடக் கூடாது என்று கட்டிலின் கால்களை அறுத்துக் குட்டையாக்கியவன் நான்தான். அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்தார். கவுன்சிலரும் வந்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? “பதினோரு வூட்டுக்குச் சிவப்பு அடிச்சாங்க, படுத்த படுக்கையா இருந்த பொம்பள வூட்டை விட்டுட்டாங்க” என்று மளிகைக்கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். சிஸ்டர் எங்கள் வீட்டு வாசல் நிலைக்குப் போனார். ஆணி அங்கேயே இருந்தது. ஆணித் தலைக்கு அடியில் நகம் அளவுக்குச் சிவப்பு இருந்தது. மற்ற பதினோரு வீட்டிலும் பிய்ந்து நார் நாராகத் தொங்கியது. இங்கே விளிம்பு நேராக இருந்தது. கட்டிங் செக்‌ஷன் கத்தி. அவர் கட்டைவிரலால் அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு, அழுதுகொண்டிருந்த என் தங்கச்சியைப் பார்த்தார்.

“என் தப்புதான் சார். நான் சரியா பாக்கல. எழுதிக்கோங்க” என்றார்.

காரியம் முடிந்த பிறகு நான் அவர் வீட்டுக்குப் போனேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“உண்மையைச் சொன்னா அந்தப் பொண்ணு இன்னா நெனைப்பா? எனக்கு வரன் பாத்ததாலதான் அம்மா செத்துச்சுன்னு நெனைச்சிக்கினே வாழுவா. அது வேணாம்.” மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே, “நானும் வாயால சொன்னதை நம்பிட்டேனில்ல” என்றார். கடைசியாக ஒன்று கேட்டார். “நான் போனாலும் ஒத்திகையை விடாதீங்கப்பா. நீ பாத்துப்பியா?”

“பாத்துக்கறேன் சிஸ்டர்.”

நடந்து காட்டு என்று அவர் சொல்லவில்லை.

அவர் ஊரைவிட்டுப் போன பிறகு ஒரு ஞாயிறுகூட ஒத்திகை நடக்கவில்லை. செத்தவள் மகனே கூப்பிடாதபோது யார் வருவார்கள்? தங்கச்சி குடியாத்தத்தில் இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். அவளுக்காகத்தான் வாயைத் திறக்காமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாதி பொய்.

போன மாதம் நகராட்சி மண்டபத்தில் கூட்டம். மேடையில் ‘பருவநிலை மாற்றமும் நமது நகரின் தயார்நிலையும்’ என்று பேனர். ஏசி போட்டிருந்தார்கள், சமோசா கொடுத்தார்கள். சென்னையிலிருந்து வந்த ஓர் இளம் அதிகாரி, நல்ல மாதிரிதான், படம் போட்டுப் பேசினார். தெருமட்டத்தில் மக்களே ஏதாவது செய்து பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். கவுன்சிலர் எழுந்தார்.

“ஒரு நர்ஸம்மா ஒத்திகை அது இதுன்னு பண்ணாங்க சார். வெள்ளத்துல ஒரு சாவு ஆயிடுச்சி. ஜனங்க நம்பிக்கை போய்டுச்சி.” என்னைக் காட்டினார். “இவரோட அம்மாதான் சார்.”

அதிகாரி மேடையை விட்டு இறங்கி என் பக்கத்தில் வந்தார். அவர் குரலில் உண்மையான அக்கறை இருந்தது. “மன்னிச்சுக்கோங்க. ஆனா தெரிஞ்சா இங்க எல்லா தெருவுக்கும் கொண்டுபோவலாம், அதனால கேக்கறேன். அந்த முறை வேலை செஞ்சுதா?”

மண்டபம் முழுக்க என்னையே பார்த்தது. மளிகைக்கடைக்காரர் பார்த்தார். இரண்டு வரிசை தள்ளி நஸீமா அக்கா பார்த்தார்.

“இல்ல சார்” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது நஸீமா அக்கா படியில் நின்றிருந்தார். மேற்கே மலைப்பக்கம் மேகம் திரண்டிருந்தது. சிறுபாலத்துக்கு அடியில் மறுபடியும் தோல் துண்டு அடைத்திருப்பதை வரும்போதே இருவரும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தோம். அவர் கோபப்படவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“வேல செய்யலன்னு சொன்னியேப்பா. அப்ப எங்க மாமியார் எப்டி வூட்ல உக்காந்து டீ குடிச்சிக்கினு இருக்காங்க?”